பெருந்துறை வெயில் போதாது

"நம்மூரு வெயிலுக்கு அதுக்கு லைட்டெல்லாம் எதுக்குங்க? பாலைவனத்துப் பல்லி. சும்மா விட்டாலே வளந்துக்கும்." பியர்டட் டிராகன் விற்கும் கடைகளிலும், வாங்கிவந்த வீடுகளிலும், அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு காணொளி போடுபவர்களிடமும் இந்த ஒரே வாதம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. சொல்பவர் குரலில் கொஞ்சம் பெருமிதமும் இருக்கும். வெயிலுக்காகவே இத்தனை காலம் திட்டு வாங்கிய ஊர், முதல்முறையாக அந்த வெயிலை வைத்து லாபம் பார்க்கிறது.

வாதத்தில் கவர்ச்சி இருப்பதை மறுக்க முடியாது. பெருந்துறையின் காய்ந்த காற்றை நம்பித்தான் ஒரு காலத்தில் இங்கே காசநோயாளிகளுக்குச் சானடோரியம் நடத்தினார்கள். 2024 ஏப்ரலில் ஈரோட்டு வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. இந்தப் பிராணியின் சொந்த மண்ணான மத்திய ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தின் கோடைமாதமான ஜனவரியில் சராசரி உச்ச வெப்பமே 36 டிகிரிதான். பிறகென்ன, ஆஸ்திரேலியாவைவிடப் பெருந்துறையே அதற்குச் சொர்க்கம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

கணக்கில் விட்டுப்போனது இரவு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கோடையிலும் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜூலைக் குளிரில் சராசரி 4 டிகிரி. அந்த மாதங்களில் டிராகன் தின்பதைக் குறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மறைவிடத்தில் கிடக்கும். நம் ஏப்ரலில் தார்சு வீட்டின் மேல்தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு தாண்டியும் கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறிக்கடியில் நாமே புரண்டு படுக்கிற அறையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அது எங்கே போகும்?

காட்டில் அதற்குப் போக இடம் இருக்கிறது. காலையில் வேலிக் கம்பத்திலோ மொட்டைக் கிளையிலோ ஏறி உடம்பைத் தட்டையாக்கி வெயில் வாங்கும். உடம்புச் சூடு 35 டிகிரி சுமாருக்கு வந்ததும் இரை தேடக் கிளம்பும். உச்சிவெயிலில் புதரடிக்கோ வளைக்கோ போய்விடும், இல்லையென்றால் காற்றுப்படும் உயரத்துக்கு ஏறிக்கொள்ளும். மாலையில் மறுபடி வெளியே வரும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் கிளுவை வேலிமேல் தலையாட்டிக்கொண்டிருக்கும் நம் ஒடக்கானைப் பார்த்தவர்களுக்கு இந்த நாள்முறை புதிதல்ல. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஒடக்கான் உச்சிப்பொழுதில் எங்கே காணாமல் போகிறது என்று யோசித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சூட்டுக்குள் போகவும் சூட்டை விட்டு விலகவும் வழி இருப்பதால்தான் அந்த வெயிலில் அது உயிரோடு இருக்கிறது. விலக வழியில்லாத பெட்டியில் 36 டிகிரியே ஆபத்து.

ஆகவே பெட்டியின் ஒரு மூலையில் 38 முதல் 42 டிகிரி வரை வெயில் காயும் மேடை, எதிர்மூலையில் 25 முதல் 28 டிகிரி வரை நிழல், இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகும் தூரம் என்பதுதான் கூண்டு. வளர்ந்த டிராகன் வால் உட்பட ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை நீளும். நான்கடி நீளம், இரண்டடி அகலம் இல்லாத பெட்டியில் இந்த வேறுபாட்டை உண்டாக்கவே முடியாது. கடைகளில் டிராகனோடு சேர்த்துத் தள்ளிவிடும் இரண்டடி மீன்தொட்டி முழுக்க ஒரே சூடாகத்தான் இருக்கும். பாலைவனம் என்றதும் தொட்டியில் மணலைக் கொட்டுகிறார்களே, அதுவும் இதே அவசரத்தில் பிறந்ததுதான். அது வாழும் மண் பெரும்பாலும் இறுகிய செம்மண். உதிரி மணலை இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளோ சொரசொரப்பான தரை ஓடோ போதும், மேலே ஏற இரண்டு கிளைகளும் வேண்டும்.

இதெல்லாம் சூட்டைப் பற்றியது. வெயில் வாதம் உண்மையில் உடைகிற இடம் வேறு.

வெயிலில் சூடும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத புறஊதா பி கதிரும் இருக்கிறது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் டிராகனின் உடம்பு டி3 உயிர்ச்சத்தை உண்டாக்கும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சன்னலோரம் தொட்டியை வைத்து, "நல்லா வெயில் அடிக்குதுங்க" என்று திருப்திப்படும் வீட்டில் அந்தப் பிராணிக்குக் கிடைப்பது சூடும் வெளிச்சமும் மட்டும்தான். எலும்புக்கு வேண்டிய கதிர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஊரில் 42 டிகிரி அடித்தாலும் சரி, 22 டிகிரி அடித்தாலும் சரி, வீட்டுக்குள் வாழும் டிராகனுக்கு இந்த விஷயத்தில் பெருந்துறையும் லண்டனும் ஒன்றுதான்.

விளைவு உடனே தெரியாது என்பதுதான் இந்த வாதத்தின் அதிர்ஷ்டம். குட்டியாக வாங்கிய டிராகன் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி வளர்ந்துவிடும். அத்தனை எலும்பும் அந்த மாதங்களில்தான் கட்டப்படுகிறது. கால்சியம் போதாதபோது உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். முதலில் விரல்கள் மெல்ல நடுங்கும். பிறகு கீழ்த்தாடை ரப்பர்போல் வளையும், முன்னங்கால்கள் கோணும், வயிற்றைத் தூக்கி நடந்த பிராணி இழுத்துக்கொண்டு நகரும். "முன்ன மாதிரி ஓடியாடறதில்லீங்க, பழகிருச்சு, சாதுவாயிருச்சு" என்று வீட்டுக்காரர் சொல்லும் நேரத்தில் முதுகெலும்பு வளையத் தொடங்கியிருக்கும். கோணிய எலும்பு பிறகு எத்தனை விளக்கு போட்டாலும் நேராகாது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: கால்சியம் பொடியிலேயே டி3 கலந்து விற்கிறார்களே, அதைத் தூவினால் போதாதா? போதாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், குட்டி டிராகன்களை இரண்டு வகையாக வளர்த்துப் பார்த்தார்கள். வாய்வழியே டி3 மட்டும் பெற்றவற்றைவிட, தினம் இரண்டு மணி நேரம் மட்டும் புறஊதா பி விளக்கடியில் இருந்தவற்றின் ரத்தத்தில் டி3 அளவு பல மடங்கு கூடுதலாக இருந்தது. இந்தப் பிராணிக்கு டி3 வாய்வழியாக வருவதைவிடத் தோல்வழியாக வருவதே இயற்கை. பொடி தேவைதான், ஆனால் அது விளக்குக்குத் துணையாக மட்டுமே.

விளக்கு என்றால் எந்த விளக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் "யூவி" என்று சொல்லி எதையாவது கையில் கொடுத்துவிடுகிறார். மீன்தொட்டியின் நீல விளக்கில் இந்தக் கதிர் கிடையாது. கொசு அடிக்கும் கருநீலக் குழாய் வேறு அலைநீளம். தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் யூவி விளக்கு இன்னும் மோசம்: அது கிருமியைக் கொல்லும் புறஊதா சி, பிராணியின் கண்ணையும் நம் கண்ணையும் பொசுக்கிவிடும். வேண்டியது ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்பட்ட டி5 வகைக் குழல்விளக்கு, பெட்டியின் பாதி நீளத்துக்காவது. சுருள் வடிவில் வரும் சின்ன பல்பு ஒரு மூலைக்கு மேல் எட்டாது. நடுவில் கம்பிவலை இருந்தால் கதிரில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடும். பார்க்க வெளிச்சம் குறையாவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குழலிலிருந்து வரும் கதிர் தேய்ந்துவிடும். எரியும் விளக்கைக் கழற்றிப் போட நம் மனம் ஒப்பாது, ஆனால் கழற்றத்தான் வேண்டும்.

கரண்ட் பில் பயம் ஒன்று இருக்கிறது. 39 வாட் குழல் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 28 யூனிட் சொச்சம். நம் வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், டிராகனின் எலும்பைக் காப்பாற்ற ஆகும் செலவைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்க வேண்டும்.

வெயில்வாதிகளுக்கு ஒரு விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். கண்ணாடியில்லாத, நேரடியான பெருந்துறை வெயில் எந்த நிறுவனத்தின் விளக்கையும் தோற்கடித்துவிடும். பதினோரு டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு வருடத்தின் பெரும்பகுதி அந்தக் கதிர் தாராளமாகக் கிடைக்கிறது, ஜெர்மனிக்காரன் இதற்கு ஏங்குவான். காலை எட்டரை, ஒன்பது மணிக்குக் கம்பிவலைக் கூண்டில் வைத்து, பாதிக் கூண்டுக்கு நிழல் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் காட்டினால் அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது சும்மா சொல்வதல்ல; காக்கையும் பூனையும் காத்திருக்கும். இதையே கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தால் சில நிமிடங்களில் தொட்டி அடுப்பாகிவிடும், எடுத்துப் பார்க்கும்போது பிராணி உயிரோடு இருக்காது. ஆனால் இந்த அரை மணி நேரத்தை எத்தனை வீடு தினமும் ஒதுக்கும்? ஸ்கூல் வேன் வரும் நேரம் அது. வெயில் போதும் என்பவர்கள் வெயிலில் வைக்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

எதிர்த்தரப்பிலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு, அதையும் விட்டுவைக்க மனமில்லை. அமெரிக்க வளர்ப்புக் குறிப்பை எழுத்து மாறாமல் பின்பற்றுகிறவர்கள் இவர்கள். மினசோட்டாவின் பனிக்கு எழுதிய குறிப்பில் 100 வாட் சூட்டு பல்பு, இரவுக்குத் தனி ஹீட்டர் என்றெல்லாம் இருக்கும். மே மாதம் பெருந்துறையில் அதைப் போட்டால் டிராகன் வாயைப் பிளந்தபடி மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். நம் கோடையில் சூட்டு பல்பைக் குறைத்து, சில நாட்களில் அணைத்தே வைத்து, புறஊதாக் குழலை மட்டும் எரியவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான கீழ்த்தள அறைக்குப் பெட்டியை மாற்றுவதுதான் அறிவு. இரவு ஹீட்டருக்கு இந்த ஊரில் வேலையே இல்லை. சூட்டைக் கையால் தொட்டுச் சொல்லும் பழக்கத்தை விட்டு, வெயில் மூலையில் ஒரு வெப்பமானி, நிழல் மூலையில் ஒரு வெப்பமானி வைத்துவிட்டால் இரண்டு தரப்பும் தானாகவே வாயை மூடிக்கொள்ளும்.

அதே ஊரில் நவம்பர் வரும்போது கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை பிடித்து, மூன்று நான்கு நாள் மேகமூட்டமாகவே நின்றால் அறை 25, 26 டிகிரிக்கு இறங்கிவிடும். வெயில் காய வழியில்லாத டிராகனுக்குத் தின்றது செரிக்காது. அப்போது சூட்டு பல்பு கட்டாயம். காற்றில் ஈரமும் ஏறும். டிராகனுக்கு உகந்தது 30, 40 விழுக்காடு ஈரப்பதம். சானடோரியம் காலத்துக் காய்ந்த பெருந்துறையை இன்னும் மனதில் வைத்துப் பேசுகிறவர்கள், 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் பாய்ந்ததையும், வாய்க்கால் ஓரமெல்லாம் தென்னந்தோப்பு நிற்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பாலைவனத்துப் பிராணி என்கிறீர்களே, எந்தப் பாலைவனத்தை அது பார்த்தது? ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாகத் தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக வெளியே விடுவதில்லை. இன்று உலகெங்கும் விற்பனையாகும் டிராகன்கள் முன்பே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தவற்றின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் விளக்கடியில் பிறந்தவை. முட்டையில் இருக்கும்போதே சூடு இவற்றை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு ஒரு செய்தி: 32 டிகிரிக்கு மேல் அடைகாத்தால், மரபணுப்படி ஆணாக வேண்டியவை பெண்ணாகப் பிறக்கின்றன. காட்டு டிராகன்களிலேயே இது நடப்பதை 2015இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. பாலினத்தையே மாற்றிவிடும் ஒன்றை "வெயில்தானே" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெயில் வாதத்தின் தம்பி ஒருவன் உண்டு. "ஒடக்கான் மாதிரித்தானுங்க, பூச்சி புடிச்சுப் போட்டாப் போதும்." சொந்தம் என்பது சரி. ஆனால் ஒடக்கான் தின்னும் பூச்சி எந்தக் காட்டுப் பூச்சி என்று அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மஞ்சள் காட்டிலும் பருத்திக் காட்டிலும் மருந்து அடித்த மறுநாள் துவண்டு கிடக்கும் வெட்டுக்கிளி பையன்கள் கையில் எளிதாக மாட்டும், அதைத்தான் கொண்டுவந்து போடுவார்கள். மின்மினியைத் தின்று டிராகன் செத்த சம்பவங்களை அமெரிக்காவில் 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பூச்சியின் உடம்பில் இருக்கும் நஞ்சுக்கு ஒன்றிரண்டே போதும். வளர்ப்புப் பாச்சைதான் பாதுகாப்பு. அதிலும் பாஸ்பரஸ் தூக்கலாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும் என்பதால் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும்.

இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்குக் கிடைத்திருக்கும் நிஜமான வசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் எரிச்சல். கோபிச்செட்டிபாளையம் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொழுப்புக் குறைவான, மென்மையான அந்தப் புழு டிராகனுக்கு அருமையான இரை. மேலைநாட்டில் விலைகொடுத்துத் தபாலில் வரவழைக்கும் பொருள் நமக்குப் பக்கத்து ஊர். அதே மாதிரி வீட்டுக்கு வீடு நிற்கும் முருங்கை. கால்சியம் நிறைந்த கீரையைத் தேடி அவர்கள் எங்கெங்கோ அலைய, நாம் கொல்லைப்புறத்தில் ஒரு கொத்து ஒடித்தால் போதும். பசலைக்கீரை வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். குட்டிக்குப் பூச்சி அதிகம், கீரை குறைவு. வளர்ந்ததும் தலைகீழாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஈரல் கொழுத்துவிடும். வெயிலைப் பீற்றிக்கொள்வதற்குப் பதில் முருங்கையைப் பீற்றிக்கொண்டால் நானும் சேர்ந்துகொள்வேன்.

காணொளிகளுக்கு வருவோம். டிராகன் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றுகிறது. "பாருங்க, ஹாய் சொல்லுது!" என்று ஒரு லட்சம் பேர் பார்க்கிறார்கள். அது தன்னைவிடப் பெரிய பிராணியிடம் பணிந்துபோகும் சைகை. தலையைத் தடவும்போது கண்ணை மூடுகிறது, "பாசம்" என்று தலைப்பு. தப்பிக்க வழியில்லாத நேரத்தில் அது கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. தாடி கறுப்பதும், வயிற்றில் கருங்கோடுகள் விழுவதும் நல்ல வார்த்தைகள் அல்ல. பஸ் பார்சலில் குலுங்கி வந்த குட்டியை அன்றைக்கே கல்யாண வீட்டுப் பொம்மை மாதிரி கைமாற்றி விளையாடிவிட்டு, மறுநாள் தின்னவில்லை என்று பதறுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தீனி, தண்ணீர், சுத்தம், விளக்கு, இவற்றைத் தவிர அதற்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை. சில நாள் தின்னாமல் இருப்பதும் வழக்கம்தான்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. பார்க்க நலமாக இருக்கும் டிராகனின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2012க்கும் 2014க்கும் இடையில் இந்தப் பிராணிகளால் பரவிய ஒரு தொற்றில் 160க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். தொட்டதும் கைகழுவ வேண்டும், அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. "இது ரொம்ப சுத்தமான பிராணிங்க" என்று சொல்லும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஏன் சொல்ல மாட்டார் என்பதில்தான் வெயில் வாதத்தின் வேர் இருக்கிறது. நான்கடிப் பெட்டி, டி5 குழல், சூட்டு பல்பு, இரண்டு வெப்பமானி எல்லாம் சேர்ந்தால் பல நேரம் பிராணியின் விலையைத் தாண்டிவிடும். முழுச் செலவையும் சொன்னால் வாங்க வந்தவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். "ஒண்ணும் வேண்டாமுங்க, நம்மூரு வெயிலே போதும்" என்பது ஒரு தள்ளுபடி அறிவிப்பு, அதை உயிரியல் என்று எடுத்துக்கொண்டது நம் பிழை. காணொளிக்காரர் கடையைக் காட்டுகிறார், கடைக்காரர் காணொளியைக் காட்டுகிறார். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடை மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறதென்று தெரியும். பில் கேளுங்கள், எங்கே பிறந்த குட்டி என்றும் கேளுங்கள். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் அடைத்த ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் அடிக்கடி பிடிக்கும் காலம் இது.

"அப்ப வளர்க்கவே கூடாதுங்கறீங்களா?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. பத்து வருடம் உயிரோடு இருக்கக்கூடிய பிராணி இது. பத்தாவது படிக்கும் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது இங்கே இருக்கும். முருங்கைக் கீரை ஒடித்துப் போடுவது அம்மாவின் வேலையாகும். அம்மாவிடம் முதலில் கேட்டாயிற்றா? சலித்துப்போன பிறகு சிப்காட் பக்கம் பொட்டலில் விட்டுவிடலாம் என்ற யோசனை இருந்தால், அது இந்த மண்ணின் ஒடக்கானுக்கும் கேடு, விடப்பட்டதற்கும் மரணம்.

கடைசியாக மருத்துவர். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் மாட்டையும் ஆட்டையும் நாயையும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். ஊர்வன பார்த்துப் பழகியவர் யார் என்பதைப் பிராணி வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோவையில் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. போனில் கேட்டு உறுதிசெய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், குட்டி தின்னத் தொடங்கிய பிறகு அதன் புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் குடல் ஒட்டுண்ணிக்குச் சோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது வீட்டில் போட்டிருக்கும் விளக்கின் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.